நாலாம் கோட்டை ஓடக்காரன் செத்த அன்று

கூட்டாளிமாரே, நம் கைபேசிக் குழுவில் நீங்கள் அடித்துக்கொள்வதை இத்தனை நாளும் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை எழுப்பி உட்கார வைத்தது கனடாக்காரன் போட்ட வரிதான். ஏழு கோட்டைக் கதைகளை ஐந்தாம் புத்தகத்தில் தொடங்குகிறவன் மடையன் என்று எழுதியிருக்கிறான். பக்கத்தில் சிரிக்கிற மூஞ்சி வேறு.

அந்த மடையன் நான்தான். நான் மட்டுமில்லை, எங்கள் மலையில் பால் வெட்டிய அத்தனை பேரும்.

உங்களில் சிலர் அதே மலையில் என்னோடு ரப்பர் கொட்டை பொறுக்கியவர்கள். மற்றவர்கள் டவுனில் பிறந்து, எங்களைப் பஸ்ஸில் மட்டும் பார்த்தவர்கள். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், தெரியாதவர்களுக்காக அடியிலிருந்து சொல்கிறேன். அந்தப் புத்தகங்கள் மறுபடி அச்சில் வந்து, கைபேசியிலும் கிடைக்க ஆரம்பித்ததிலிருந்து உங்கள் சண்டை இதுதான்: எழுதிய வரிசையில் படிப்பதா, அந்த உலகத்து ராஜாக்கள் ஆண்ட வரிசையில் படிப்பதா. என் மகள் எழுதிய வரிசைக் கட்சி. யாராவது வாய் தவறி முடிவைச் சொல்லப் போனால் காதைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடிவிடுவாள். எங்களுக்கு வாய்த்தது உங்கள் இரண்டு கட்சிக்கும் தெரியாத மூன்றாவது வரிசை. கஹவத்தை பஸாரில் நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் முதலாளியின் கடைக்குப் பழைய புத்தக மூட்டை வந்த வரிசை.

ஏழு கோட்டை, ஏழு புத்தகம். ஒவ்வொன்றுக்கும் தனி ராஜா, தனிச் சண்டை, வானத்தை மறைக்கிற தனிப் பறவை. ஆனால் ஒரு கோட்டையின் ஆள் இன்னொரு கோட்டையின் கதைக்குள் சந்தைக்கு வந்தவன் மாதிரி நடந்து போவான். அவன் ஏன் நொண்டுகிறான் என்று அந்தப் புத்தகம் சொல்லாது. அதற்கு வேறொரு புத்தகம் தேட வேண்டும். அப்படி எல்லாப் புத்தகங்களின் ஓரத்திலும் வந்து போகிற ஒருவன் இருந்தான். நாலாம் கோட்டைத் துறையில் ஓடம் விடுகிறவன். பெயர் கிடையாது. ஓடக்காரன், அவ்வளவுதான்.

இப்போது மலைக்கு வாருங்கள்.

ரப்பர் வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று. விடிகிற நேரத்தில் போய் மரத்துக்கு மரம் பட்டையைச் சீவிவிட்டு வருவார்கள். பால் கோடு வழியாக இறங்கிச் சிரட்டையில் சொட்டும். சொட்டி முடியும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் காத்திருந்தால் பால் சிரட்டையிலேயே உறைந்து கட்டியாகிவிடும், பாலை நிறுத்துக் கொடுக்கிற ஸ்டோரில் முகத்தைச் சுளிப்பார்கள். வெட்டுக்கும் பால் எடுப்புக்கும் நடுவில் இருந்த அந்த இடைவெளியில்தான் எங்கள் மலையில் ஏழு கோட்டையும் எழும்பின. மரம் நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாவிட்டால் கதையும் இல்லை. அந்த வருஷம் தை பிறந்ததிலிருந்து மழை எங்களை மறந்திருந்தது. இலையெல்லாம் உதிர்ந்து, செம்பு நிறத்தில் புதுத் தளிர் விட்டு, காய்ந்த கொட்டைகள் பட்டாசு மாதிரி வெடித்துத் தெறித்துக்கொண்டிருந்தன. பாலின் புளித்த வாடையும், பட்டையின் ஈர வாடையும், சித்தி புத்தகத்தைத் திறக்கும்போது வருகிற மண்ணெண்ணெய் வாடையும் சேர்ந்ததுதான் எனக்கு இன்றைக்கும் இலக்கியத்தின் மணம். நானா புத்தகங்களை மண்ணெண்ணெய்ப் பீப்பாய்க்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தார்.

பதினோரு வயதுப் பையன் வேலை நேரத்தில் மலையில் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். எங்கள் இஸ்கூலுக்கு ஒரே வாத்தியார். அட்டை கடித்த இடம் சீழ் பிடித்து அவர் ஊருக்குப் போனார். கால் ஆறியதா, அவருக்கு மனம் மாறியதா தெரியாது, அந்தப் பருவம் முழுக்க இஸ்கூலுக்குப் பூட்டு. நானாவின் கடைக்குப் போய்ப் புத்தகம் மாற்றிவரும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது அப்படித்தான்.

உத்தியோகம் என்று பெரிதாகச் சொல்கிறேன். உள்ளே நான் நடுங்கிப் போயிருந்தேன். பயத்துக்குப் பரீட்சை வைத்திருந்தால் மாவட்டத்தில் முதலாவது நான்தான். பஸ் வளைவில் சாய்ந்தால் பயம், சாயாவிட்டால் ஏன் சாயவில்லை என்று பயம். கண்டக்டர் சிங்களவர், என் கையில் இருக்கிற புத்தகத்தின் அட்டையைப் பார்த்து, "மல்லி, தம்பி, இந்தக் குருவி மனுசனத் தின்னுமா?" என்று அரைத் தமிழில் கேட்பார். அவர் கேட்ட பிறகு எனக்கு அந்தப் பறவைமேலும் பயம்.

முதல் தடவை நானா கொடுத்தது ஐந்தாம் புத்தகம். முதல் புத்தகம் இல்லையா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. கொண்டுவந்து கொடுத்தேன். சித்தி அதைப் பாறைமேல் உட்கார்ந்து சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள். சித்தி என்றால் அம்மாவின் தங்கை. தோட்டத்து வரிசை வீடான லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் எங்களோடுதான் இருந்தாள். அவளும் பால் வெட்டுதான். அவள் குரல் மலைச் சரிவில் கீழே கணக்கப்பிள்ளை வீடுவரை போகும். ஐந்தாம் புத்தகத்தின் நடுவில் எங்கேயோ ஒரு வரி வந்தது: நாலாம் கோட்டை ஓடக்காரன் இறந்த பிறகு அந்தத் துறையில் யாரும் ஓடம் விடுவதில்லை. யாரும் கவனிக்கவில்லை. பெரியப்பா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். எந்த ஊர் ஓடக்காரனோ செத்தான், நமக்கென்ன.

அடுத்து கிடைத்தது ஒன்றாம் புத்தகம். அதில் ஒரு பக்கத்தில் மழை கொட்டுகிறது, ராஜகுமாரி ஆற்றங்கரையில் நிற்கிறாள், இருட்டிலிருந்து ஒரு ஓடம் வருகிறது. ஓடக்காரன் தன் சாக்கை எடுத்து அவள் தலைமேல் போடுகிறான், கூலி வாங்காமல் திரும்பிப் போகிறான். சித்தி வாசிப்பதை நிறுத்தினாள். பெரியப்பா வெற்றிலையைக் கீழே வைத்தார்.

"ஐயோ, இவனா?" என்றார். "இவன் செத்துப்போறவனாச்சே."

அன்றிலிருந்து ஓடக்காரன் எங்கள் ஆள். இரண்டாம் புத்தகத்தில் அவன் அரை பக்கம் வருவான், பீடி மாதிரி எதையோ சுருட்டுவான். மூன்றாம் புத்தகத்தில் யாருக்கோ வழி காட்டிவிட்டு இருமுவான். அந்த இருமலைச் சித்தி இரண்டு தடவை வாசிக்க வேண்டியிருந்தது. பெரிய பெரிய ராஜாக்கள் கோட்டை மதிலில் நின்று பேசும்போது கொட்டாவி விட்ட சனம், ஓடக்காரன் இருமினால் நிமிர்ந்து உட்கார்ந்தது.

இதில்தான் கட்சி பிரிந்தது. இன்றைக்கு நீங்கள் பிடிக்கிற சண்டையெல்லாம் அந்தப் பாறைமேல் பால் சொட்டுகிற நேரத்தில் பிடித்து முடித்த சண்டை. பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன், தனிக் கதைக் கட்சி. ஒரு புத்தகத்தில் தொடங்கியவன் கதையை அதே புத்தகத்தில் முடிக்க வேண்டும், அடுத்த புத்தகத்தை வாங்க வைப்பதற்காக ஆளை நொண்ட விடுவது வியாபாரம் என்பார். சித்திக்கு நேர்மாறு. எல்லாரும் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருப்பதுதான் அவளுக்குப் பிடித்தது.

"நம்ம கதை மட்டும் நம்ம லயத்துக்குள்ளயேவா முடியுது மச்சான்?" என்று பெரியப்பாவை மடக்குவாள். "நீங்க வெட்டுற பாலு எந்த ஊரு பஸ்ஸுக்கு டயரா ஓடுதோ."

பக்கத்துக் காம்பரா அத்தை மூன்றாவது கட்சி. சாவு வீட்டில் ஒப்பாரி வைப்பதில் தோட்டத்தின் நாலு டிவிஷனிலும் அவளுக்கு நிகர் கிடையாது. அவளுக்கு அந்த எழுத்தாளர்மேல் தீராத கோபம். இத்தனை கோட்டையில் ஒரு பொம்பளைக்கும் இடுப்பு வலிக்கவில்லையே, எந்த ஊர்ப் பொம்பளைகள் இவர்கள் என்பாள். ஆனால் முடிவு முன்கூட்டியே தெரிந்தது கெட்டதா நல்லதா என்ற பேச்சில் அவள் சொன்னதுதான் எனக்கு நின்றது.

"போகப் போறவன்னு தெரிஞ்சா, அவன் தண்ணி குடிக்கிறதக்கூட பாத்துகிட்டு இருக்கத் தோணுதே," என்றாள்.

சொல்லிவிட்டுச் சித்தியைப் பார்த்தாள். பிறகு எல்லாரும் வேறு எங்கேயோ பார்த்தோம்.

ஏனென்றால் அந்த வருஷம் எங்களுக்கு இன்னொரு முடிவும் முன்கூட்டியே தெரியும். இரத்தினபுரி ஏஜென்சிக்காரர் மூலமாகச் சித்திக்கு குவைத்தில் வீட்டு வேலை சரியாகிவிட்டது. பாஸ்போர்ட் வந்துவிட்டது. சித்திரைப் பண்டிகை கழிந்து பயணம். அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. சித்தியின் தட்டில் மட்டும் கருவாட்டுத் துண்டு கூடுதலாக விழும். சித்தியோ எதையும் கேட்கவில்லை. ஒன்றைத்தான் கேட்டாள். போவதற்குள் நாலாம் புத்தகம் வேண்டும். ஓடக்காரனின் சொந்தக் கதை அதுதான். அவன் எப்படிச் செத்தான் என்று தெரியாமல் பிளேனில் ஏற மாட்டேன் என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் இரண்டு தடவை சொன்னாள்.

நான் நானாவிடம் போய் நின்றேன். அவர் தராசுத் தட்டைத் துடைத்தபடி சொன்னார்.

"நாலாவது கணக்கப்புள்ளட வீட்டுக்குப் போன புத்தகம், மகன். போனது போனதுதான். அவங்கட்டப் போய் நான் கேக்க ஏலா."

கணக்கப்பிள்ளை ஐயாதான் எங்கள் டிவிஷனில் எல்லாம். அன்றைய கூலிக்குப் பேர் போடுவதும் அவர், வெட்டுவதும் அவர். அவர் வீட்டு அம்மாவை நாங்கள் யாரும் வாசலில்கூடப் பார்த்ததில்லை. பதுளைப் பக்கத்திலிருந்து வந்த படித்த பொம்பளை, தலைக்கனம், லயத்துச் சனத்தோடு பேசினால் நாக்குத் தேய்ந்துவிடும் என்று லயமே சொன்னது. எங்கள் பாறைக்கு நேர் கீழே அந்த வீட்டின் பின்பக்கச் சன்னல். சித்தி வாசிக்கத் தொடங்கினால் அந்தச் சன்னல் திறக்கும். நாங்கள் வேலை நேரத்தில் கதை பேசுவதைக் கவனித்துப் புருஷனிடம் கோள் சொல்லத்தான் திறக்கிறாள் என்பது பெரியப்பாவின் முடிவு. அந்தச் சன்னலிடம் போய்ப் புத்தகம் கேட்க வேண்டியவன் நான்.

போனேன். தைரியத்தால் இல்லை, சித்தியிடம் முடியாது என்று சொல்வதும் பயமாக இருந்ததால். அவர்கள் நாய் என்னைப் பார்த்துக் குரைக்கக்கூட இல்லை, அலட்சியமாகப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. நான் சன்னலுக்குக் கீழே நின்று ஒத்திகை பார்த்த வசனத்தை மறந்தேன். மேலிருந்து ஒரு குரல் வந்தது.

"நீதானே புஸ்தகம் தூக்கிட்டு வர்ற பையன்?"

நிமிர்ந்து பார்த்தேன். தலை வாராத, கண்ணைச் சுற்றிக் கறுத்த, எங்கள் சித்தி வயதுப் பெண். நான் எதிர்பார்த்தது பத்திரகாளியை.

"நானா நாலாவது புஸ்தகத்தக் கேட்டாருங்கம்மா."

"நானா கேக்க மாட்டாரு. உங்க சித்தி கேக்குறா." அவர் கையில் அந்தப் புத்தகம் இருந்தது. விரல் ஒரு பக்கத்துக்குள் இருந்தது. "குடுக்க மாட்டேன்னு சொல்லு."

எனக்கு அதுவே போதும், ஓடிவிடலாம். கால் நகரவில்லை. அவரே பேசினார்.

"கடைசி ரெண்டு பக்கம் படிக்கல. உங்க சித்தி அன்னிக்கு அஞ்சாவதுல படிச்சாளே, ஓடக்காரன் இறந்த பிறகுன்னு. இங்க நின்னு கேட்டேன். அன்னிலருந்து மூடியே வச்சிருக்கேன். நான் படிக்காத வரைக்கும் அவன் ஓடம் விட்டுகிட்டுதானே இருப்பான்."

பயம் வந்தால் என் வாய் தனி வழியில் போகும். "நீங்க படிக்காட்டியும் செத்துருவாருங்கம்மா. அஞ்சாவதுல வந்துருச்சே," என்றேன்.

சொன்ன உடனே என்னை டிவிஷனைவிட்டே துரத்தப்போகிறார்கள், எங்கள் காம்பராவில் வேறு குடும்பம் வந்துவிட்டது, அப்பா எங்கேயோ தென்னந்தோட்டத்தில் தேங்காய் உரிக்கிறார் என்பதுவரை பார்த்துவிட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க சித்தி எப்ப போறா?"

"சித்திரை கழிச்சுங்கம்மா."

பிறகு, "இங்க வந்து படிக்கச் சொல்லு. எல்லாரையும் கூட்டிட்டு வரச் சொல்லு. தனியா என்னால முடியாது," என்றார்.

அவருக்கு முந்தின வருஷம் பிள்ளை தங்காமல் போய், அதன்பின் அவர் வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டார் என்பது எனக்கு மீசை முளைத்த பிறகுதான் தெரிந்தது. லயத்துக்கு அது தலைக்கனமாகத் தெரிந்தது. அவருக்கு அந்த வருஷம் முழுக்க மனிதக் குரல் என்று கேட்டது எங்கள் பாறைச் சண்டைதான். பெரியப்பாவைப் பற்றி எல்லாம் தெரிந்து வைத்திருந்தார்.

மறுநாள் வெட்டு முடிந்ததும் மலையில் இருந்த எல்லாரும் கீழே இறங்கினோம். பெரியப்பா மட்டும் இது பொறி, உள்ளே கூப்பிட்டுப் பேர் வெட்டப்போகிறார்கள் என்று முனகிக்கொண்டே வந்தார். கணக்கப்பிள்ளை வீட்டுப் பின்வாசல் மிதியடிக்கு அப்பால் லயத்துக் கால் பட்டதில்லை. நாங்கள் முற்றத்தில் விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றோம். அந்த அம்மா படியில் வந்து உட்கார்ந்தார். பிறகு எழுந்துபோய், பூப்போட்ட நல்ல கோப்பைகளில் பால் சேர்க்காத பிளேன்டீ கொண்டுவந்து அவரே நீட்டினார். ரப்பர் பால் காய்ந்து கறுத்த விரல்களால் அந்தக் கோப்பையைப் பிடிக்கத் தயங்கி, பெரியப்பா இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். அதோடு அவர் முனகல் நின்றது.

சித்தி வாசித்தாள். முதலிலிருந்து படிக்க நேரமில்லை, ஆகவே அந்த அம்மா கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார், கடைசிப் பகுதியைச் சித்தி வாசித்தாள். ஓடக்காரன் படைகளிடமிருந்து ஊர்ச் சனத்தையெல்லாம் ஆற்றைத் தாண்டிக் கொண்டுபோய் விடுகிறான். ஒவ்வொரு நடைக்கும் இருமல் கூடுகிறது. அக்கரையில் எல்லாரும் பத்திரம். இனி அந்தக் கடைசிப் பக்கம். அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சித்தி பக்கத்தைத் திருப்பி வாசித்தாள். "அடுத்த மழைக்காலத்தில் ஓடக்காரன் இறந்தான். துறை வெறிச்சோடிப் போனது."

நாங்கள் காத்திருந்தோம்.

"படி," என்றார் பெரியப்பா.

"அவ்வளவுதான் மச்சான்."

"பக்கத்தத் திருப்பு."

"திருப்புனா அட்டைதான் இருக்கு."

பெரியப்பாவின் முகம் சிவந்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அரண்மனை விருந்துக்குக் கறி, அப்பளம், இலை என்று பக்கம் பக்கமாக எழுதத் தெரிந்த ஆளுக்கு, ஒரு மனுஷன் சாவதை எழுத இரண்டு வரிதான் கிடைத்ததா என்று கேட்டார். அந்த அம்மா அவரோடு சேர்ந்துகொண்டார். இரண்டு மாதமாக இந்த இரண்டு வரிக்கா நான் பயந்து செத்தேன் என்றார். சித்தி மட்டும் எழுத்தாளர் பக்கம் பேசிப் பார்த்தாள். சாவு அப்படித்தானே, சொல்லிவிட்டா வருகிறது என்றாள். எடுபடவில்லை.

அத்தை கேட்டாள், "யாராவது அழுதாங்கன்னு போட்டிருக்கா?"

"இல்ல மதினி."

"ஒருத்தர்கூடவா?"

"இல்ல."

"அப்ப நம்மதான் அழுவணும்," என்றாள் அத்தை. கொண்டையை அவிழ்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

கேலியாகத்தான் ஆரம்பித்தாள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். முதல் அடிக்குச் சிரிப்பு வந்தது. "ஆத்தோட போறவனே, அக்கரையில் எங்கள விட்டு, நேத்தோட நிறுத்திட்டியே, நெனப்பெல்லாம் தவிக்க விட்டு" என்று இழுத்தாள். பெண்கள் வட்டமாகச் சேர்ந்து தோள்மேல் கை போட்டுக்கொண்டார்கள். அந்த அம்மாவை நடுவில் இழுத்து உட்கார வைத்தார்கள். இரண்டாவது சுற்றில் ஓடம் கப்பலானது. மூன்றாவது சுற்றில் கடல் தாண்டிப் போகிறவள் வந்துவிட்டாள். பயணத்தைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தை பேசாத என் அம்மா, சித்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, மலை அதிரக் கதறினாள். அதற்குமேல் யார் யாருக்காக அழுதார்கள் என்று சொல்ல முடியாது. அந்த அம்மாவும் அழுதார். அது ஓடக்காரனுக்காக மட்டும் இல்லை என்று எனக்கு அப்போது எப்படித் தெரியும்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு, தெரிந்தவர்களுக்குத் தெரியும். சாவு விழுந்தால் அன்றைக்கு அந்த டிவிஷனில் வேலை நிற்கும். கத்தியை வைத்துவிட்டு எல்லாரும் சாவு வீட்டுக்குப் போவார்கள். ஸ்டோர் வாச்சர் ரோட்டில் போகிறவர். கணக்கப்பிள்ளை வீட்டிலிருந்து அத்தையின் ஒப்பாரி கேட்கிறது. அத்தை சும்மா ஒப்பாரி வைப்பவளா? வாசலுக்கே வராத அந்த அம்மா போய்விட்டார் என்று முடிவு கட்டி, அவர் ஓடி ஓடி எல்லாருக்கும் சொன்னதில் என்ன தப்பு?

முதலில் கேட்டது சாவுக்கு அடிக்கிற தப்பு மேளத்தின் சத்தம். லயத்துப் பக்கமிருந்து தூரத்தில். எங்கள் ஆட்கள் அழுகிற மும்முரத்தில் கவனிக்கவில்லை. கவனித்தது நான் ஒருவன். பிறகு வளைவில் சனம் தெரிந்தது. தேயிலை மலை ஆட்கள், கொழுந்துக் கூடையைக்கூட இறக்காமல். ரோட்டோரத்துச் சிங்களக் கடைக்காரர், சாவுக்குக் கட்டித் தொங்கவிடுகிற வெள்ளைக் கொடிச் சுருளோடு. எல்லாருக்கும் முன்னால், ஒரு காலில் மட்டும் செருப்போடு, கணக்கப்பிள்ளை ஐயா ஓடிவந்தார்.

நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். எச்சரித்திருக்கலாம். ஒரே ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். நான் மழைத்தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால் போய் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணை மூடினால் மற்றவர்களுக்கும் நான் தெரிய மாட்டேன் என்பது அந்த வயதில் என் சித்தாந்தம். இந்த வயதிலும் பாங்கில் இருந்து போன் வந்தால் அதைத்தான் செய்கிறேன்.

அவர் வந்தார். பெண்கள் வட்டம் மறைத்ததில் மனைவி அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. ஓடிவந்த வேகத்தில் விழாமல் இருக்க அந்தப் பீப்பாயைப் பிடித்தார். பிடித்தவர் கீழே என்னைப் பார்த்தார். டிவிஷனே நடுங்குகிற அந்த மனிதரின் உதடு நடுங்குவதை அத்தனை பக்கத்தில் நான் பார்த்தேன்.

"யாருடா செத்தது?" என்றார். குரலே இல்லை.

"ஓடக்காரருங்கய்யா."

அவர் கண்ணை இமைத்தார். "எந்த லயத்து ஆளு?"

"நாலாம் கோட்டைங்கய்யா."

அழுகை நின்றிருந்தது. அந்த அமைதியில் யாரோ சிரித்தார்கள். முதலில் விக்கல் மாதிரி, பிறகு அடக்க முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. வட்டத்தின் நடுவிலிருந்து அந்த அம்மா தலைவிரி கோலமாக எழுந்து நின்று, கண்ணீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தார். கணக்கப்பிள்ளை ஐயா அவரைப் பார்த்தார். விறகுக் கட்டைமேல் தொப்பென்று உட்கார்ந்தார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, புத்தகத்தைக் கேட்டுக் கையை நீட்டினார். சித்தி பயந்துகொண்டே கடைசிப் பக்கத்தைத் திறந்து கொடுத்தாள். அவர் வாசித்தார். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அட்டை.

"இவ்வளவுதானா?" என்றார்.

"அதத்தான் நானும் கேக்குறேங்க," என்றார் பெரியப்பா, வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குச் சமமாக உட்கார்ந்து.

பால் நினைவுக்கு வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. எங்கள் மலை முழுக்கச் சிரட்டை சிரட்டையாக உறைந்து கிடந்தது. ஒரு சொட்டு தேறவில்லை. பேர் போய்விட்டது என்று எல்லாரும் தலையில் கை வைத்து நிற்க, கணக்கப்பிள்ளை ஐயா ஸ்டோருக்கு ஆள் அனுப்பினார். வெட்டு முடிந்ததும் அந்த மலையில் மட்டும் மழை பெய்துவிட்டது, பால் எடுக்க முடியவில்லை, ஆட்கள்மேல் குற்றமில்லை என்று. தலைக்குமேல் ஒரு மேகம் இல்லை. ஸ்டோரில் யாரும் வானத்தைப் பார்க்கவும் இல்லை. எங்கள் மலைக்கு அதுவரை பெய்த மழைகளில் அதுதான் நல்ல மழை.

சித்திரை வந்தது, போனது. சித்தி பஸ் ஏறிய அன்று, சன்னலோரம் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டாள். அழாமல் இருப்பதற்காக அதிகாரமாகப் பேசினாள்.

"ஆறாவது கெடச்சா கேசட்டுல படிச்சு அனுப்புங்க. யாரு சாவுறாங்கன்னு மொதல்லயே சொல்லிரு. அப்புறமா கதைய ஆரம்பி."

அனுப்பினோம். கணக்கப்பிள்ளை வீட்டு டேப் ரெக்கார்டர்தான். அந்த அம்மா குடை பிடித்துக்கொண்டு பாறைக்கு ஏறி வந்து, சித்தி உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து வாசித்தார். மழைக்கு முந்தின கடைசி வெட்டு நாட்கள். யார் சாகிறார்கள் என்பதை முதலில் சொல்லும் பொறுப்பு என்னுடையது. செத்தவனின் பெயரையே மாற்றிச் சொல்லி, அத்தையிடம் குட்டு வாங்கினேன். அந்தச் சத்தமும் பதிவானது. கதை முடிந்த பிறகு டேப்பை நிறுத்த யாருக்கும் ஞாபகம் வரவில்லை. பெரியப்பா எழுத்தாளரைத் திட்டியது, அந்த அம்மா பெரியப்பாவைத் திட்டியது, கொட்டை வெடித்தது, பால் எடுக்க நேரமாகிவிட்டது என்று அம்மா கத்தியது எல்லாம் மறுபக்கம் நிறைய ஓடியது.

சித்தி பல வருஷம் கழித்துத் திரும்பி வந்தாள். பெரியப்பா அப்போது இல்லை. ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டேன், ஆறாம் புத்தகம் எப்படி இருந்தது, பிடித்ததா என்று.

"கதைய ஒருவாட்டிதான்டா கேட்டேன்," என்றாள். "நல்லாத்தான் எழுதியிருந்தாரு. உங்க பெரியப்பா அவரத் திட்டுற பக்கம் இருக்குல்ல, அதத்தான் நாடா அறுந்து போற வரைக்கும் போட்டேன்."

அறுந்த இடத்தைத் தான் வேலை செய்த குவைத் வீட்டுக்காரம்மாவின் நகப்பூச்சை வைத்து ஒட்டி, காயும்வரை ஊதிவிட்டு, மறுபடியும் போட்டுக் கேட்டாளாம்.